டோக்கன் எண் அறுபத்தொன்று

அந்த ரெக்கார்டரை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், மேடம். மேசைமேல் வெறுமனே வைத்தால் நீங்கள் பேனாவைக் கீழே போடும் சத்தம்தான் பெரிதாக விழும். நான் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துவிடுங்கள். நாளைக்கு இதைக் கேட்டு எழுதப்போகிற புண்ணியவான் என்னைத் திட்டக்கூடாது பாருங்கள். இப்போது சரியாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம்.

நான் எதையும் மறைக்கப்போவதில்லை. இந்த விசாரணைக்கு வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். இருபத்தாறு வருடமாக வக்கீல்கள் மைக்கைப் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தவன் நான், வேண்டாம் என்றுவிட்டேன். என் வாயே எனக்குப் போதும்.

இந்த ஊரில் மைக் செட் என்றால் நான்தான். நகராட்சிக் கூட்டம், பள்ளி விளையாட்டுப் போட்டி, இரங்கல் கூட்டம், செருப்புக்கடைத் தள்ளுபடி, எதுவானாலும் மேடையில் முதலில் பேசுகிறவன் நான். ஒன், டூ, த்ரீ என்பேன். அதற்கு மேல் என்னை யாரும் பேச விட்டதில்லை. ஊரில் என் பெயரே ஒன்-டூ-த்ரீ என்று ஆகிப்போனது. சொந்த மாமியார்கூட, "ஒன்-டூ-த்ரீ சாப்பிட்டாச்சா?" என்றுதான் மகளிடம் விசாரிப்பார்.

இந்தத் தொழிலில் ஒரு அநியாயம் உண்டு. சத்தம் நன்றாக இருந்தால், பேசியவர் நன்றாகப் பேசினார் என்பார்கள். பேசியவர் சொதப்பினால், மைக் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறவரை நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. மைக் ஒரு நொடி 'கூ' என்று கத்தினால் போதும், எண்ணூறு தலைகள் திரும்பி என்னை முறைக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

என் மனைவி மகப்பேறு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். ஆற்றங்கரையில் மஞ்சள் கட்டடம் ஒன்று இருந்ததே, அதுதான். இருபத்தொன்பது வருடம் அங்கே வேலை பார்த்தாள். அவளோடு கடைத்தெருவுக்குப் போனால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி நலம் விசாரிப்பார். தாய்மார்கள் தடித்தடியான பையன்களை இழுத்து வந்து, "இவங்கதான்டா உன்னை வெளியில எடுத்தாங்க" என்று காட்டுவார்கள். அவள் அவன் கன்னத்தைத் தட்டுவாள், நான் பக்கத்தில் காய்கறிப் பையோடு நிற்பேன். பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பை கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

என் தொழிலைப் பற்றி அவள் இத்தனை வருடத்தில் சொன்ன கருத்து ஒன்றே ஒன்று. "கொஞ்சம் குறைங்க." காதருகே அழுகிற குழந்தைகளோடு நாள் முழுக்க இருக்கிறவளுக்கு என் ஸ்பீக்கர்தான் இரைச்சலாம்.

போன வருடம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஊருக்கு ஒரு கேசினோ கொண்டுவரப் போகிறோம் என்று பளபளப்பான புத்தகம் அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள். சூதாட்ட மேசைகள், எண்ணூறு பேருக்கு வேலை, ஆயிரம் பேர் உட்காரும் கலையரங்கம், நீரூற்று. எல்லாப் பக்கத்திலும் சிரித்த முகங்கள். சூதாட்டத்தில் இத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. இடம் எது என்பது பதினெட்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியாக இருந்தது. ஆற்றங்கரை மகப்பேறு மருத்துவமனை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியோடு இணைக்கப்படும்.

அந்த வரியை ஊரிலேயே முதலில் படித்தவள் என் மனைவியாகத்தான் இருக்கும். எங்களுக்கு ஒரே மகள், வெளியூரில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. "இந்தத் தடவை உங்கிட்டதாம்மா வருவேன், வேற யாரும் என்னைத் தொடக்கூடாது" என்று அழுதாள். "உன் பிள்ளை என் கையிலதான்டி விழும், பயப்படாத" என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஊரெல்லாம் வேலைவாய்ப்பு, ஒழுக்கக்கேடு என்று எதிரெதிராகக் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கேள்வி ஒன்றுதான்: ஆறு மாதம் கழித்து அந்தப் பிரசவ அறை இருக்குமா, இருக்காதா.

கேசினோ வேண்டாம் என்ற கட்சியில்தான் நானும் இருந்தேன். பிறகு ஒரு நாள் கோட்டுக்காரர் கடைக்கு வந்தார். கம்பெனியின் பிரதிநிதி; என்ன புழுக்கமானாலும் கோட்டைக் கழற்றமாட்டார். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நகராட்சி என்னைத்தான் போட்டிருக்கிறது என்று தெரிந்து, செட்டைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார். "இவ்வளவு சுத்தமான சவுண்ட் பெரிய பெரிய ஊர்லகூட நான் கேட்டதில்ல சார்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐஸ் வைக்கிறார் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் இருபத்தாறு வருட வெயிலில் நின்றவனுக்கு ஐஸ் ஐஸ்தானே, மேடம்.

பிறகு கலையரங்கத்தின் வரைபடத்தை விரித்தார். பின்சுவரில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. என்ன என்று கேட்டேன். "அது சவுண்ட் ரூம் சார். முழுக்கக் கண்ணாடி. சுழல் நாற்காலி. உங்களை மாதிரி ஒருத்தர்தான் அங்க ஒலி இயக்குநரா உக்காரணும்" என்றார். ஒலி இயக்குநர். சரியாகக் கேட்காதது போல நடித்து, இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.

அவர் என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். பணம் தரவில்லை, ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. அன்றைக்கு டீக்குக் கொடுத்தது நான். போகும்போது, "பதிவு நல்லா வந்தாப் போதும் சார்" என்று மட்டும் சொன்னார். யார் சொன்னாலும் நான் அதைச் செய்கிறவன்தான்.

பதிவு என்றதும்தான் விதி ஞாபகம் வந்தது. இந்த மாதிரித் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கிற வாரியம் தலைநகரில் இருக்கிறது. அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தில் உட்காருவதில்லை. நகராட்சித் தலைவர் கூட்டத்தை நடத்துவார், மைக் செட்காரர் பதிவு செய்து, சுத்தப்படுத்தி இரண்டு நாளில் அனுப்புவார், வாரியம் அதைக் கேட்டு முடிவெடுக்கும். பதிவில் உள்ளதே பேச்சு, மற்றது பேச்சல்ல என்று விதியிலேயே இருக்கிறது. யார் எழுதினாரோ, அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கூட்டத்தன்று எதிர்ப்பாளர்களுக்கு நான் மைக்கை அணைத்தேன் என்று மனுவில் இருக்கிறதாம். அபாண்டம். அணைப்பதெல்லாம் மட்டமான வேலை. குரலில் பாஸை, அதாவது அடிக்கனத்தை, கொஞ்சம் எடுத்துவிட்டால் போதும், எப்பேர்ப்பட்ட கனவானும் குழாயடியில் சண்டை போடுகிறவர் போல ஆகிவிடுவார். கோட்டுக்காரருக்கு பாஸை ஏற்றி வைத்தேன். அவர் கார் நிறுத்துமிடம் பற்றித்தான் பேசினார். அசரீரி ஒலித்தது போல அரங்கமே அடங்கிக் கேட்டது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஆவேசமாக எதிர்க்க வந்தார். அவருக்கு ஒரு துளி எதிரொலி வைத்தேன். "எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்?" என்று கேட்டார். "வரும்... வரும்..." என்று பதில் வந்தது. யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, "யாருய்யா அது?" என்று அதட்டினார். அதுவும் திரும்பி வந்தது. மீதி நேரம் முழுக்க அவர் தன்னோடுதான் சண்டை போட்டார், பாவம்.

என் மனைவிக்கு டோக்கன் எண் அறுபத்தொன்று. ஒன்றரை மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் நியாயம்கூட எழுந்து போய்விடும். எண்ணூறு பேர் இருந்த அரங்கில் நாற்பது பேர் மிச்சம். அதில் பாதி கம்பெனி ஆட்கள், இரண்டு பேர் தூக்கம். மேடையில் நகராட்சித் தலைவர் மேசைக்கடியில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் இரட்டை ஷிஃப்ட் முடித்து, சீருடையோடு நேராக வந்திருந்தாள்.

அவளுக்கு நான் மிக்ஸரில் எந்த நாபையும் திருகவில்லை. சொந்த மனைவி என்பதற்காகச் சலுகை காட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தலைமை நர்ஸ், இருபத்தொன்பது வருட வேலை என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, "விடியக்காலையிலேருந்து மூணு பிரசவம் பாத்துட்டு வரேன், எழுதிக்கிட்டு வர நேரமில்ல" என்று ஆரம்பித்தாள். "ரயில்வே கேட்டை ஒரு நாளைக்கு முப்பத்திநாலு தடவை மூடுறாங்க. லீவு போட்டு நின்னு எண்ணினேன். ஒரு தடவை மூடினா பன்னண்டு நிமிஷம். கேட் திறக்கட்டும்னு வலி காத்துக்கிட்டு நிக்காதுங்க." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இந்த ஆஸ்பத்திரியில பொறந்தவங்க கையைத் தூக்குங்க" என்றாள்.

இருபத்து மூன்று கைகள் எழுந்தன. கம்பெனிக்கு வேலைக்குச் சேர்ந்திருந்த உள்ளூர்ப் பையன்கள்கூடத் தூக்கினார்கள். தூங்கின இருவரில் ஒருவர் தூக்கத்திலேயே தூக்கினார். தலைவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகத் தூக்கினார். நானும் அங்கே பிறந்தவன்தான். வலது கை நாபில் இருந்ததால் இடது கையைத் தூக்கினேன். அவள் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் பாதியை அவளே முதன்முதலில் பிடித்திருப்பாள். பதினோரு விநாடி யாரும் பேசவில்லை.

"நீங்க எல்லாரும் நல்லபடியா வந்துட்டீங்க. அடுத்து வரவங்களுக்கும் அந்தக் கதவை விட்டுவைங்க. இந்தத் திட்டம் வேண்டாம்" என்று சொல்லி இறங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லமாட்டேன். நேராக என்னிடம் வந்து, "நல்லா கேட்டுச்சாங்க?" என்றாள். என் சத்தத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. "குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும்" என்றேன். சிரித்துவிட்டு, இன்னொரு பிரசவம் இருக்கிறது என்று ஓடினாள்.

அடுத்த இரண்டு நாள் கடையைச் சாத்திக்கொண்டு பதிவைச் சுத்தம் செய்தேன். அறுபத்தெட்டுப் பேர். இருமல், நாற்காலி இழுக்கிற சத்தம், கோட்டுக்காரரின் ஒரு ஏப்பம், எல்லாவற்றையும் எடுத்தேன். கடைசியாகத்தான் அறுபத்தொன்றாம் எண்ணுக்கு வந்தேன். ஹெட்ஃபோனில் கேட்கக் கேட்க எனக்குக் கவலையாகிவிட்டது. இதைக் கேட்டால் கல்லும் கரைந்துவிடும். வாரியம் எப்படியும் கல்லைவிட இளகியதாகத்தான் இருக்கும். அந்தச் சதுரமும் கண்ணாடியும் சுழல் நாற்காலியும் போய்விடும்.

நிதானமாக யோசித்தேன். இவள் பேச்சை ஊர் இருபத்தொன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. "மூச்சைப் பிடி" என்றால் பிடிக்கிறார்கள், "விடு" என்றால் விடுகிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, வாரியத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஐந்து பேர் இவள் பேச்சைக் கேட்காமல் போனால் இவளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? என் பேச்சையோ யாரும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பங்கு என்று வந்தால் நியாயம் என் பக்கம்தான் இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புது மைக் எது வாங்கினாலும் வீட்டில் வைத்து அவள் பேச்சைத்தான் பதிந்து பார்ப்பேன். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் அருமையான குரல். அப்படிப் பதிந்ததில் ஒன்று, மகளின் கல்யாணம் பேசி முடித்த நாளில் எடுத்தது. மகள் தன்னோடு வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். இவள் எட்டு மாதம் முரண்டு பிடித்து, கடைசியில் அந்தப் பையனின் பெற்றோரை எங்கள் ஹாலில் உட்காரவைத்துச் சொன்னாள்: "எனக்கு இதுல முழு சம்மதம். ஆரம்பத்துல பயந்தேன், இல்லேங்கல. யோசிச்சுப் பாத்தா எல்லாருக்கும் நல்லதுதான். தள்ளிப்போடாம சீக்கிரமா ஆரம்பிங்க." மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை தனியாக விழுந்திருந்தது, எளிதாக வெட்டிவிட்டேன்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மௌனத்துக்கும் சத்தம் உண்டு, மேடம். வீட்டு மௌனம் வேறு, அரங்கத்து மௌனம் வேறு. வீட்டில் பேசியதை அப்படியே ஒட்டினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அரங்கத்து மௌனத்தை அடியில் விரித்து அதன்மேல் ஒட்ட வேண்டும். அன்றைய பதிவு முழுவதிலும் இருமல் இல்லாத, சுத்தமான மௌனம் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. இருபத்து மூன்று பேர் கை தூக்கிய அந்தப் பதினோரு விநாடி. கை தூக்குவதற்குச் சத்தம் கிடையாது. அவள் சம்மதத்தை அதன்மேல் வைத்தேன், அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. நர்ஸ் என்று அறிமுகம், இருபத்தொன்பது வருடம், சம்மதம், சீக்கிரமா ஆரம்பிங்க. ரயில்வே கேட்டை எடுத்துவிட்டேன். முடிவில் கைதட்டல் வேண்டியிருந்தது. காலையில் ஒருவர் மேடையேறி, தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "வேற ஒண்ணுமில்ல" என்று இறங்கினார். அன்றைக்கு விழுந்த கைதட்டலிலேயே அதுதான் பெரியது. அதைக் கொண்டுவந்து போட்டேன்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. ஏழாம் பத்தி எனக்கு மனப்பாடம். "பாதிப்புக்குள்ளாகும் மருத்துவமனையின் தலைமைச் செவிலியரே தமது தொடக்ககால அச்சம் நீங்கி, திட்டத்தை முழுமனதோடு வரவேற்று, விரைந்து தொடங்கும்படி கேட்டுக்கொண்டிருப்பதை வாரியம் மகிழ்ச்சியுடன் கவனத்தில் கொள்கிறது." உள்ளூர் வானொலி அந்தப் பகுதியை நாளைக்கு மூன்று வேளை மருந்து மாதிரி ஒலிபரப்பியது.

மறுத்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். நாற்பது பேரில் ஏழெட்டுப் பேர் போய்த் தலைவரிடம் கேட்டார்கள். "சாப்பாட்டுக்கு ஒத்திவைக்கலாமான்னு கேட்டாங்கன்னு நெனச்சுத்தான்யா நான் கையைத் தூக்கினேன்" என்றார் அவர். நகராட்சி அலுவலகத்தில், பதிவில் உள்ளதே பேச்சு என்ற விதியை அவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். நாள் போகப் போக, அந்த ஏழெட்டுப் பேரிலேயே இரண்டு பேருக்கு அவள் சம்மதித்தது போலவே ஞாபகம் வந்துவிட்டது. ஊர் வாயை மூட முடியுமா? எவ்வளவு வாங்கினாளோ என்றார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அவளோடு டீ குடிப்பதை நிறுத்தினார்கள். கடைத்தெருவில் யாரும் நிறுத்தி விசாரிக்காததால் சீக்கிரமாக வீடு திரும்பினோம்.

அவள் என்னிடம் வந்து அதைப் போடச் சொன்னாள். மூன்று முறை கேட்டாள். "என் குரல்தான். நான் எப்பங்க இப்படிச் சொன்னேன்?" என்றாள்.

"ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்த. தூக்கக் கலக்கத்துல வாய் தவறியிருக்கும்" என்றேன்.

"நீங்க அங்கதான இருந்தீங்க? நான் வேண்டாம்னு சொல்லல?"

"எனக்கு சவுண்ட் லெவல் மட்டும்தான்மா காதுல விழும். என்ன பேசறாங்கன்னு கவனிக்கமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

நம்பிவிட்டாள். கட்டியவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? அதற்குப் பிறகு மூன்று நாள், கூட வேலை பார்த்த நர்ஸுகள், ஆயாக்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், "வாய் தவறிப்போச்சு, மன்னிச்சிடுங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டாள். சிலர் கதவையே திறக்கவில்லை. மழைக்காலம், நான் கூடவே போய்க் குடை பிடித்தேன். ஒரு கணவன் அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

மருத்துவமனையை மூடினார்கள். மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது யாரோ தோழி அந்த ஒலிப்பதிவை அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அப்பா, அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். போட்டேன், நானே சத்தத்தையும் ஏற்றி வைத்தேன்.

"அம்மா, இது நீ ஊருக்குச் சொன்னதில்லம்மா. எனக்குச் சொன்னது. இவங்க அம்மா அப்பா வந்தப்ப, நம்ம ஹால்ல. அதுல ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். பின்னாடி டக், டக்குன்னு கேக்குது பாரு. நம்ம வீட்டு ஃபேன்மா அது."

அவள் எழுந்து ஹால் ஃபேனைப் போட்டுவிட்டு, அதன் அடியில் தரையில் உட்கார்ந்தாள். டக், டக். இறக்கையில் ஒரு திருகு லூசு. அதைச் சரி செய்யும்படி நாலு வருடமாக அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் கேட்கவில்லை. அது முழுக்க என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் கத்தவில்லை. ஃபேனைப் பார்த்தபடியே, "அன்னிக்குப் பேசினதையா எடுத்தீங்க?" என்றாள். "அதுதான் நல்லா விழுந்திருந்துச்சு" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். பொழுது சாய்வதற்குள் ஒரு பெட்டியோடு மகள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கிருந்துதான் உங்களுக்கு மனு போட்டிருக்கிறாள்.

கேசினோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டப்போகிறோம் என்றவர்கள் ஒன்றும் கட்டவில்லை. மஞ்சள் சுவருக்கு ஊதா அடித்து, உள்ளே சூதாட்ட மெஷின்களைக் கொண்டுவந்து நிறுத்தி, முதல் கட்டம் என்று பலகை வைத்துவிட்டார்கள். பிரசவ அறையில் பன்னிரண்டு மெஷின்கள். ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருதியில் கிணுகிணுக்கிறது, காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. கலையரங்கம் மூன்றாம் கட்டமாம். கண்ணாடி அறை பற்றிக் கோட்டுக்காரரிடம் கேட்டேன். "மெஷின்லயே சவுண்ட் வந்துடுது சார்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஆஸ்பத்திரியை எடுக்க எதிர்ப்பு பலமாக இருந்தால் பழைய பஸ் டிப்போவை எடுத்துக்கொள்ள அவர்கள் முன்பே தயாராக இருந்தார்களாம். அவள் பேச்சை நான் தொடாமல் அனுப்பியிருந்தாலும் கேசினோ வந்திருக்கும். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மகளுக்குப் பிரசவம் ஆகி ஐந்து மாதம். அவள் ஊர் ஆஸ்பத்திரியில், முன்பின் தெரியாத யாரோ பார்த்தார்களாம். என் மைத்துனர் சொல்லித்தான் தெரியும். என் மனைவியை உள்ளே விடவில்லையாம். அந்த ஊரில் அவள் நர்ஸ் இல்லையே, அம்மா மட்டும்தானே. நாலாயிரம் குழந்தைகளை எடுத்தவள் மூடிய கதவுக்கு வெளியே, காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாளாம். முதல் அழுகையைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். பிறந்தது பேரனா பேத்தியா என்று கேட்டேன். மைத்துனர் போனை வைத்துவிட்டார். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், கட்டாயமில்லை.

ஆக, செய்தது நான்தான். தனியாகச் செய்தேன், சுயநினைவோடு செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் தொடக்கத்திலேயே கேட்டீர்கள். கேட்டேன், மேடம். அவள் மன்னித்தும் விட்டாள். இருபத்தாறு வருடப் பதிவு வீட்டில் மூன்று பெட்டி நிறைய இருக்கிறது. அவளுக்குப் பிடித்த கோப்பையை நான் உடைத்த அன்றைக்குச் சொன்ன "பரவால்ல விடுங்க" ஒன்று கிடைத்தது. மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விட்டபோது சொன்ன "எல்லாம் சரியாயிடுச்சு" ஒன்று. வேலை முடிந்து போன் செய்து, "கிளம்பிட்டேன், இதோ வந்துடறேன்" என்றது ஒன்று. தேடி எடுத்துக் கோக்க ஒன்பது நாள் ஆனது. தினமும் காலையில் பல் தேய்த்ததும் போட்டுக் கேட்பேன். இந்தத் தடவை பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. கொண்டுவந்திருக்கிறேன், நீங்கள் அனுமதித்தால் போடுகிறேன், நாற்பது விநாடிதான். அதில் நானாகச் சேர்த்தது ஒரு வார்த்தைகூடக் கிடையாது, மேடம். எல்லாம் அவள் வாயால் சொன்னதுதான்.